வார்ட் குடும்பப் பெயர்: கால்வேயின் பாணரா, யார்க்‌ஷரின் காவல்காரரா?

கயல்_கால்வே

எல்லோருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலிக்காரி. பத்து வருடமாக அயர்லாந்தின் கால்வேயில் செவிலியாக இருக்கிறேன். கணவர் இந்த ஊர்க்காரர், குடும்பப் பெயர் வார்ட். மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் "உன் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கம் எழுதி வா" என்றிருக்கிறார்கள். யாழினி என்ற பெயருக்கு நானே சொல்லிவிட்டேன். வார்டுக்குத்தான் வீட்டில் ஆளுக்கொரு கதை.

மாமா, அதாவது என் மாமனார், "நாம் கிழக்கு கால்வே, கவிஞர் பரம்பரை" என்கிறார். கொழுந்தனோ, "இல்லை, இங்கிலாந்திலிருந்து வந்த சிப்பாய் ஒருவர் வழி" என்கிறார். அவர் எச்சில் எடுத்து அனுப்பிச் செய்துகொண்ட டிஎன்ஏ சோதனையிலும் 14 விழுக்காடு இங்கிலாந்து என்று வந்திருக்கிறது. விவரம் தெரிந்திருக்கக்கூடிய மாமியார் இறந்து ஆறு வருடம் ஆகிறது.

வார்ட் ஆங்கிலப் பெயரா, ஐரிஷ் பெயரா? டிஎன்ஏவை வைத்து இதைத் தீர்க்க முடியுமா?

பாரி

இரண்டும்தான் கயல். எழுத்து ஒன்று, பெயர் இரண்டு.

ஆங்கில வார்ட், பழைய ஆங்கிலத்தில் காவலைக் குறிக்கும் 'வெயார்ட்' என்ற சொல்லிலிருந்து வந்தது. கோட்டை வாசலிலோ ஊர் எல்லையிலோ காவல் நின்றவருக்குத் தொழிலால் வந்த பெயர். அதனால் இங்கிலாந்தில் நூறு ஊரில் நூறு பேருக்குத் தனித்தனியாக இந்தப் பெயர் வந்திருக்கும். ஒருவருக்கொருவர் உறவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஐரிஷ் வார்ட் வேறு. அது 'மாக் அன் வார்ட்'. மாக் என்றால் மகன், 'பார்ட்' என்றால் பாடுபவர், பாணர். பாணர் மகன். இலக்கணப்படி அந்த இடத்தில் பகரம் மெலிந்து வகரமாகிவிடும், அதனால் 'பார்ட்' வாயில் 'வார்ட்' ஆகும். ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். முதலில் மக்கவார்ட், அப்புறம் முன்னால் இருந்த மாக் உதிர்ந்து வெறும் வார்ட். காவல்காரர் பெயரும் பாணர் பெயரும் ஒரே எழுத்துக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

உங்கள் மாமா சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மாக் அன் வார்ட் குடும்பங்கள் பரம்பரையாகக் கவிதைத் தொழில் செய்தவை. டொனிகாலில் ஓ'டானல் தலைவர்களுக்குப் பாடியவர்கள் ஒரு கிளை. அங்கே லெட்டர்மக்கவார்ட் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. கிழக்கு கால்வேயில் இன்னொரு கிளை. அதன் பெயரில் பாலிமக்வார்ட். கால்வேக் கிளையைச் சோகன் என்ற பழைய குடியோடு சேர்த்துத்தான் வம்சாவளிகள் சொல்கின்றன.

அவர்கள் கவிதை கட்டிய விதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு அது மறக்கவே இல்லை. ஜன்னல் இல்லாத அறை. மாணவர்கள் ஆளுக்கொரு கட்டிலில் இருட்டில் படுத்துக்கொண்டு, கொடுத்த யாப்பில் மனதுக்குள்ளேயே முழுப் பாட்டையும் கட்டி முடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் விளக்கு வரும், எழுதுவார்கள். நம் புலவர்களைப் போலவே புரவலர் இருந்தவரை வாழ்ந்தார்கள். 1607இல் வடக்கின் தலைவர்கள் கப்பலேறி ஐரோப்பியக் கண்டத்துக்குப் போனபோது இந்தத் தொழிலின் அடித்தளமே ஆட்டம் கண்டது. ரோமில் ஓ'டானல் குடும்பத்தார் புதைக்கப்பட்ட கல்லறையின் அருகே அழும் பெண்ணிடம் பேசுவதாக ஓவன் ரூவா மாக் அன் வார்ட் ஓர் இரங்கற்பா பாடியிருக்கிறார். மொழிபெயர்ப்பில் படித்தே எனக்குத் தொண்டை அடைத்தது.

விக்னேஷ்_லீட்ஸ்

எவ்வளவு யோசனை? மாமாவுக்கு ஒய் குரோமோசோம் சோதனை செய்யுங்கள், அப்பா வழியைக் காட்டும். ஆர்1பி என்ற ஆண்வழி மரபணுக் கிளை வந்தால் ஐரிஷ், வராவிட்டால் ஆங்கிலேயர். முடிந்தது.

நிலாமதி

விக்னேஷ், அப்படிச் சொல்ல முடியாது. நான் மரபணு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், இதில் பலர் ஏமாந்து காசு தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன். அயர்லாந்து ஆண்களில் மிகப் பெரும்பாலோர் ஆர்1பி, உண்மை. இங்கிலாந்திலும் ஆண்களில் பாதிக்கு மேல் அதேதான். இரண்டு ஊரிலும் இருப்பதை வைத்து ஊரைப் பிரிக்க முடியாதே. அதன் உட்கிளைகளைப் பார்க்க வேண்டும். அயர்லாந்தில் எல்21 என்ற கிளை மேலோங்கி நிற்கிறது. யு106 என்ற கிளை வடகடல் ஓரத்து ஜெர்மானிய நாடுகளிலும் கிழக்கு இங்கிலாந்திலும் அடர்த்தி. ஆனால் எல்21 உள்ள ஆங்கிலேயரும் ஏராளம். கிளை ஒரு சாய்வைக் காட்டும், சான்றிதழ் தராது.

கயல் அக்கா, உங்கள் கொழுந்தன் செய்தது வேறு வகைச் சோதனை. அது எல்லா முன்னோரையும் கலந்து கூட்டிச் சொல்வது. குடும்பப் பெயரின் கேள்விக்கு அது பதில் சொல்லாது. பத்துத் தலைமுறை மேலே போனால் நமக்கு 1,024 முன்னோர் இடங்கள். குடும்பப் பெயர் அதில் ஒரே ஒருவர் வழியாகத்தான் வருகிறது: அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று. ஒய் குரோமோசோமும் அதே ஒற்றைக் கோட்டில்தான் இறங்குகிறது. அதனால்தான் பெயரையும் ஒய்யையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 14 விழுக்காடு இங்கிலாந்து மற்ற 1,023 பேரில் யார் வழியாக வேண்டுமானாலும் வந்திருக்கலாம். 12.5 என்பது எட்டில் ஒரு பங்கு. யாராவது ஒரு கொள்ளுப்பாட்டியோ கொள்ளுத்தாத்தாவோ ஆங்கிலேயராக இருந்தாலே இந்த அளவு வந்துவிடும்.

சேரலாதன்

நான் ஓய்வுபெற்ற நூலகர், அம்மா கயல். டிஎன்ஏவுக்குக் காசு கட்டுவதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.

அயர்லாந்துக் குடும்பங்களைத் தேடுவதில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. 1922 ஜூனில் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளினில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கின் பெரும்பகுதி அதில் போயிற்று. 1861 முதல் 1891 வரையானதை அரசே அதற்கு முன் அழித்துவிட்டது. 1922க்கு முன் எடுத்த கணக்குகளில் முழுதாகக் கையில் இருப்பவை 1901, 1911 இரண்டும்தான். இரண்டையும் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வெறும் பட்டியலை நம்பாதீர்கள், வீட்டுப் படிவத்தின் படத்தைத் திறந்து பாருங்கள்.

அதிலிருந்து 1864இல் தொடங்கிய பிறப்புப் பதிவுக்குப் போங்கள். அதற்கும் மேலே தேசிய நூலகம் வெளியிட்ட கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள். ஆள் பெயர் கிடைக்காத காலத்துக்கு நிலப் பட்டியல்கள்: 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் மதிப்பீடு, அதற்கு முன் 1823 முதல் 1837 வரையான தசமபாக வரிப் பட்டியல். சாதாரணக் குடியானவர் குடும்பம் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். அதற்கு மேல் ஆவணம் இருக்கிறது என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. அயர்லாந்தில் ஆங்கிலப் பெயர் இருப்பதாலேயே ஆங்கில வம்சம் என்று நினைத்துவிடக் கூடாது. 1465இல் டப்ளின், மீத், லவுத், கில்டேர் பகுதி ஐரிஷ்காரர்கள் ஆங்கிலக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டமே போட்டார்கள். ஊர்ப் பெயர், வெள்ளை, கறுப்பு, பழுப்பு போன்ற நிறம், கொல்லர், தச்சர் போன்ற தொழில், சமையற்காரர் போன்ற பதவி, இப்படி ஏதாவது ஒன்று. கவன் மாவட்டத்து ஸ்மித்களில் பலர் 'மாக் அன் கவன்', கொல்லர் மகன். க்ளார்க்குகளில் பலர் ஓ'க்ளெரி. கால்வே அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே. அங்கே பெயர் மாறியது பின்னால், ஆங்கிலத்தில் எழுதும் அதிகாரியும் நிலக்கிழாரின் கணக்கரும் வந்த பிறகு.

பாரி

ஓ'க்ளெரி என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அயர்லாந்தில் பதிவான மிகப் பழைய பரம்பரைப் பெயர்களில் ஒன்று அது. 916இல் இறந்த தெற்கு கால்வே சிற்றரசர் ஒருவரின் பெயரோடு வருகிறது. இங்கிலாந்தில் சாதாரண மக்களுக்குக் குடும்பப் பெயர் நிலைத்தது பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில். இரண்டு நாட்டுக்கும் நடுவே சில நூறு வருட வித்தியாசம்.

வார்டும் க்ளெரியும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. டொனிகால் வார்ட் குடும்பத்தில் பிறந்த பிரான்சிஸ்கன் துறவி ஆய் மாக் அன் வார்ட், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் லூவன் நகரத்து ஐரிஷ் கல்லூரித் தலைவராக இருந்தார். 1626இல் அங்கிருந்து மீஹால் ஓ'க்ளெரியை அயர்லாந்துக்கு அனுப்பினார்கள், பழைய ஏடுகளை எல்லாம் படியெடுத்து வரச் சொல்லி. அந்தப் பயணம் இல்லாவிட்டால் அயர்லாந்தின் பழைய வரலாற்றில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது. நம் ஊரில் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் பாடு தெரிந்தவர்களுக்கு அந்த உழைப்பு புரியும்.

கயல்_கால்வே

சேரலாதன் ஐயா, இரண்டு ராத்திரி தூங்கவில்லை. 1911 படிவம் கிடைத்துவிட்டது!

மாமாவின் தாத்தா வீடு, கிழக்கு கால்வேயில், பாலிமக்வார்டுக்குப் பக்கத்துக் கிராமம். ஒன்பது பேர். மொழி என்ற பத்தியில் பெரியவர்களுக்கு "ஐரிஷும் ஆங்கிலமும்", சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றும் எழுதாமல் வெற்றிடம். ஒரே வீட்டுக்குள் மொழி நின்றுபோன இடம் அந்தக் கட்டங்களில் தெரிகிறது. கீழே குடும்பத் தலைவர் கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும். மேலே இருக்கும் அழகான எழுத்து அவருடையது இல்லை. மாமாவிடம் காட்டினேன். அந்தக் குறியின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

இன்னொரு விஷயமும் கேட்க வேண்டும். கல்யாணமான புதிதில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் பெயரைச் சொன்னதும், "டிராவலர் ஆட்களா?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. அப்போது எனக்கு விவரம் புரியவில்லை. வார்ட் என்ற பெயருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

சேரலாதன்

அந்த அழகான எழுத்து பெரும்பாலும் ஒரு போலீஸ்காரருடையதாக இருக்கும் அம்மா. அப்போது கணக்கெடுத்தவர்கள் ராயல் ஐரிஷ் காவல்படைக்காரர்கள். எழுதத் தெரியாதவர் வீட்டில் அவர்களே எழுதி, குறி வாங்கிக்கொள்வார்கள். தன் பெயர் எப்படி எழுதப்பட்டது என்று அந்தப் பெரியவருக்கே தெரிந்திருக்காது.

நிலாமதி

அக்கா, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. டிராவலர் சமூகத்தில் வார்ட் மிகப் பரவலான பெயர், குறிப்பாகக் கால்வே பக்கம். நாடோடியாக வாழ்ந்த ஐரிஷ் மக்கள் அவர்கள். 2017 மார்ச் 1 அன்று அயர்லாந்து அரசு அவர்களைத் தனி இனக்குழுவாக அங்கீகரித்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. அதே 2017இல் வந்த மரபணு ஆய்வு, அவர்கள் அயர்லாந்து வம்சமே என்றும், மற்ற ஐரிஷ் மக்களிடமிருந்து பிரிந்து சுமார் 360 வருடம் இருக்கலாம் என்றும் காட்டியது. அப்படியானால் 1840களின் பெரும் பஞ்சத்தில் வீடிழந்துதான் டிராவலர் ஆனார்கள் என்ற கதைக்கும் இடமில்லை, பிரிவு அதற்கு இருநூறு வருடம் முந்தியது.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். அவள் பெயரைச் சுமப்பவர்களில் அவர்களும் உண்டு.

விக்னேஷ்_லீட்ஸ்

ஆர்1பி பற்றி நான் சொன்னது தவறு, புரிகிறது. ஆனால் வடமேற்கு அயர்லாந்தில் ஐந்தில் ஒருவர் 'ஒன்பது பிணையாளிகளின் நியால்' என்ற பழைய ஐரிஷ் மன்னரின் வம்சம் என்று டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வு சொன்னதே? அந்த வம்சத்துக் குறி என்று சொல்லும் எம்222 மாமாவுக்கு வந்தால்?

நிலாமதி

அந்த ஆய்வு 2006இல் வந்தது. வடமேற்கில் ஐந்தில் ஒருவருக்கு நெருங்கிய ஒரே ஒய் வகை இருப்பது உண்மை. நியால் வழி வந்ததாகச் சொல்லும் குடும்பப் பெயர்களில் அது கூடுதலாக இருப்பதும் உண்மை. ஆனால் அந்த மரபுக் குறி தோன்றியது நியால் காலமான 5ஆம் நூற்றாண்டுக்கு முன்பே என்று பின்னர் வந்த கணக்குகள் காட்டின. நியாலுக்கும் அது இருந்திருக்கலாம், அவருடைய தூரத்துப் பங்காளிகளுக்கும் இருந்திருக்கும். யாருடைய எலும்பிலும் நியால் என்று எழுதி வைத்து ஒப்பிட முடியாது.

பெயரும் ஒய்யும் எவ்வளவு தூரம் சேர்ந்து போகும் என்பதற்கு லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் 2009 ஆய்வைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். 40 குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரே மூதாதை வழி. ஸ்மித் போன்ற பெயரிலோ, தெருவில் போகிற இரண்டு பேரை நிறுத்தி ஒப்பிட்டது போலத்தான் இருந்தது. ஆங்கில வார்ட் ஸ்மித் பக்கம் சாயும். ஐரிஷ் வார்ட் சில குடும்பங்களிலிருந்து வந்த பெயர், அதனால் ஊரோடு சேர்த்துப் பார்த்தால் பொருத்தம் கிடைக்க நல்ல வாய்ப்பு.

கோடு அறுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. தத்து, அம்மாவின் பெயரை வைத்துக்கொண்ட பிள்ளை, நிலத்துக்காக மாமனார் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்ட மருமகன், வெளியில் சொல்லாத உறவு, எல்லாம் இதில் அடக்கம். தலைமுறைக்கு 2 விழுக்காடு என்று வைத்தால்கூட, 20 தலைமுறையில் மூன்றில் ஒரு குடும்பத்தில் பெயரும் ஒய்யும் பிரிந்திருக்கும். மாமாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர் மனதார ஒத்துக்கொண்டால் மட்டும் செய்யுங்கள். ஒய்யில் 12 குறிகள், அதாவது 12 இடங்கள், மட்டும் பார்க்கும் மலிவுச் சோதனை வேண்டாம், நூற்றுக்கணக்கானவர்களோடு ஒத்துப்போகும், அர்த்தம் இருக்காது. குறைந்தது 67 குறிகள்.

கயல்_கால்வே

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மாமாவிடம் நிலாமதி சொன்னதை அப்படியே சொன்னேன். "எண்பது வயதில் என்னிடமிருந்து என் அப்பாவை யார் பிடுங்கப் போகிறார்கள், கொண்டு வா" என்றார்.

ஒய் முடிவு எல்21. 67 குறிகளில் நெருங்கிய பொருத்தம் நான்கு பேர். மூன்று பேர் வார்ட், அமெரிக்காவில் இருப்பவர்கள். அவர்களுடைய முன்னோர் ஊர் என்று போட்டிருப்பது கிழக்கு கால்வே. நான்காமவருக்கு வேறு பெயர், ஆனால் அதே வட்டாரம்.

சிப்பாய் கதையும் அவிழ்ந்தது. மாமியாரின் பழைய தகர டப்பாவில் ஒரு திருமணச் சான்றிதழ், லீட்ஸ், 1914. மாமியாரின் பாட்டி. யார்க்‌ஷர் பெண். கல்யாணத்துக்கு முன் அவருடைய குடும்பப் பெயரும் வார்ட்! அப்பாவின் தொழில் என்ற இடத்தில் "சிப்பாய்". கொழுந்தன் சிறு வயதில் கேட்டது அந்த வார்டைப் பற்றி. வீட்டில் எல்லோரும் வார்ட் என்பதால் கதை மாமா பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

விக்னேஷ்_லீட்ஸ்

அருமை! ஒரு சந்தேகம் மட்டும். பஞ்ச காலத்தில் அயர்லாந்திலிருந்து லீட்ஸுக்கு வந்து குடியேறியவர்கள் ஏராளம். அந்தப் பாட்டியின் குடும்பமும் அப்படி வந்த ஐரிஷ் வார்டாக இருந்தால்?

சேரலாதன்

நல்ல கேள்வி தம்பி. 1851 இங்கிலாந்துக் கணக்கில் பிறந்த ஊர்ப் பத்தி இருக்கிறது. ஐரிஷ்காரர்களுக்குப் பெரும்பாலும் "அயர்லாந்து" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அதுவே போதும் இங்கே. அதற்கு மேல் இங்கிலாந்துப் பங்குப் பதிவேடுகள் 1538இலிருந்து தொடங்குகின்றன, எல்லா ஊரிலும் தப்பவில்லை என்றாலும். கயல் அம்மா, சான்றிதழில் இருக்கும் ஊர்ப் பெயரை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள்.

சேரலாதன்

நான்கு நாள் ஆயிற்று. குடும்பம் பஞ்சத்துக்கு முன்பே அங்கே இருக்கிறது. ஒரே யார்க்‌ஷர் கிராமத்துத் தேவாலயத்தில் 1780களிலிருந்து அடுத்தடுத்து வார்ட் ஞானஸ்நானங்கள். அந்தப் பாட்டியின் அண்ணன் வழிப் பேரன் ஒருவர் இன்னும் அந்தப் பக்கமே இருக்கிறார், கயல் அம்மாவின் கடிதத்துக்குப் பதிலும் எழுதினார். ஆண் வழிக் கோடு அவரிடம்தான்.

நிலாமதி

அவருடைய முடிவை அக்கா அனுப்பினார்கள். ஹாப்லோகுழு, அதாவது ஆண்வழிக் கிளை, ஐ1. வட ஐரோப்பாவில், குறிப்பாக ஸ்காண்டிநேவியாவில், அடர்த்தியானது. மாமாவின் கோட்டோடு இது சேரும் இடம் பல்லாயிரம் வருடம் பின்னால் இருக்கிறது. இரண்டு வார்டுக்கும் எழுத்தைத் தவிரத் தொடர்பு இல்லை. இந்த ஐ1 ஆங்கிலோ-சாக்சனா, வைக்கிங்கா, பின்னால் வந்த வேறொருவரா என்பதை இந்த அளவு சோதனையில் சொல்ல முடியாது. யாராவது வைக்கிங் என்று எழுதினால் அழித்துவிடுங்கள் அக்கா.

மாமாவின் எல்21க்கு மட்டும் ஒரு பழைய தடயம் சொல்கிறேன். அயர்லாந்தின் வடக்குக் கரையோரத்து ராத்லின் தீவில் ஒரு மதுக்கடைக்குப் பின்னால் மண் தோண்டியபோது வெண்கலக் காலத்து எலும்புகள் கிடைத்தன. சுமார் 4,000 வருடம் பழையவை. அங்கே சோதித்த மூன்று ஆண்களுமே ஆர்1பி. பாணர் குடும்பம் என்ற பெயர் வருவதற்கு இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் முன்பே அந்தப் பெருங்கிளை தீவில் கால் வைத்துவிட்டது.

பாரி

மாமா கவிஞர் பரம்பரைதான் என்று இப்போது சொல்லலாமா?

சேரலாதன்

பாணர் பெயர் சுமந்த குடும்பம், பாணர் ஊர் வட்டாரம், அதே வட்டாரத்து வார்டுகளோடு ரத்தத் தொடர்பு. இவ்வளவும் சொல்லலாம். காகிதம் 1820களில் நின்றுவிட்டது. இன்ன கவிஞரின் பேரன் என்று சொல்ல நடுவில் இருநூறு வருடம் காலி. மகளின் பக்கத்தில் அந்த இடத்தைக் காலியாகவே விடச் சொல்லுங்கள் அம்மா.

கயல்_கால்வே

விட்டுவிட்டோம் ஐயா. படத்தில் இரண்டு கோடுகள் போட்டாள். ஒன்று கால்வேயிலிருந்து, ஒன்று யார்க்‌ஷரிலிருந்து. ஒன்றின் தலையில் யாழ், மற்றதில் விளக்கும் ஈட்டியும். நடுவில் காலி இடத்துக்குப் பென்சிலால் புள்ளி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் கூட்டிக்கொண்டு பாலிமக்வார்ட் போனோம். ஊர்ப் பலகையில் மேலே சாய்வெழுத்தில் ஐரிஷ், கீழே பெரிய எழுத்தில் ஆங்கிலம். மேல் வரியை நான் எழுத்துக்கூட்டிப் படித்தால் "பைல் மிக் அன் பாய்ர்ட்" என்றுதான் வருகிறது. யாழினி பள்ளியில் ஐரிஷ் படிக்கிறாள். "அம்மா, அப்படி இல்லை" என்று சொல்லிவிட்டுச் சத்தமாக வாசித்தாள்: "பால்யே விக் அன் வார்ட்."

மாமா அவளை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.